ஆங்கில நிறைவு நிகழ்காலமும் தமிழின் ‘இரு’ துணைவினையும்: ஓர் ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

நடந்து முடிந்த ஒரு செயலைக் கூற ஆங்கிலத்தில் எளிய இறந்தகாலம், நிறைவு நிகழ்காலம் என இரு வடிவங்கள் உள்ளன. இவற்றுள் எதனை எங்கு ஆள்வது என்பதில் தமிழ் மாணவர் தொடர்ந்து இடர்ப்படுகின்றனர். நிறைவு நிகழ்காலத்திற்கு நிகரான வடிவம் தமிழில் இல்லாமையே இதற்குக் காரணம் எனக் கருதத் தோன்றும். அவ்வாறன்று, தோற்றத்தில் நிகரானதும் பயனில் வேறானதுமான வடிவம் ஒன்று தமிழில் இருப்பதே காரணம் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. ‘வந்திருக்கிறான்’ என்னும் தமிழ் வடிவம் சொல்பவர் செய்தியை அறிந்த வகையைச் சுட்டவல்லது. ஆங்கில வடிவமோ செயல் நிகழ்ந்த காலப்பரப்பு முடிந்ததா, முடியாததா என்பதைச் சுட்டுவது. இவ்வேறுபாட்டை உணராத மொழிபெயர்ப்பு, ஊகத்தைக் கண்கூடாக மாற்றிவிடக்கூடும் என்பதும், தமிழிலேயே உள்ள ‘போனதுண்டு, போனதில்லை’ என்னும் வடிவங்கள் ஆங்கில நெறியைக் கற்பிக்கத் துணையாகும் என்பதும் இங்கு விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நிறைவு நிகழ்காலம், எளிய இறந்தகாலம், துணைவினை, காலமயக்கம், அறிவாயில், மொழிபெயர்ப்பு, கடலூர், சிதம்பரம்.

1. முன்னுரை

‘அவர் நேற்று வந்திருக்கிறார்’ என்னும் தொடரில் தமிழர் எவரும் பிழை காணார். அதனையே சொல்லுக்குச் சொல் மாற்றி ‘ஹி ஹேஸ் கம் யெஸ்டர்டே’ என்று ஒரு மாணவர் எழுதினால், ஆசிரியர் அதனைப் பிழையென அடிக்கோடிட்டு, ‘ஹி கேம் யெஸ்டர்டே’ எனத் திருத்துவார். ‘யெஸ்டர்டே’ வந்தால் ‘ஹேஸ்’ வரலாகாது என்னும் விதியும் உடன் சொல்லப்படும். மாணவர் விதியை மனப்பாடம் செய்துகொள்வார்; அடுத்த கட்டுரையில் அதே பிழையை வேறொரு தொடரில் செய்வார். விதி தெரிந்தும் பிழை நீங்காமைக்கு அம்மாணவரின் கவனக்குறைவைக் காரணமாகக் காட்டுவது எளிது. ஆயினும், ஒரே வகைப் பிழை தலைமுறை தலைமுறையாகத் தொடருமாயின் அதன் வேரைத் தாய்மொழியின் அமைப்பில் தேடுவதே முறையாகும்.

இவ்வாய்வுக்குக் கடலூரும் சிதம்பரமும் பொருத்தமான களங்களாகின்றன. கடலூரை அடுத்துள்ள புனித டேவிட் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690 ஆம் ஆண்டில் மராத்தியரிடமிருந்து பெற்றது. சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குச் சென்ற 1746 முதல் 1752 வரை கம்பெனியின் சோழமண்டலக் கரைத் தலைமையிடமாக அக்கோட்டையே விளங்கியது. தமிழும் ஆங்கிலமும் நெடுங்காலம் உறவாடிய பகுதி இது. சிதம்பரத்தில் 1920 இல் தோன்றிய மீனாட்சி கல்லூரியும் பிற நிறுவனங்களும் 1929 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தன. தமிழும் மொழியியலும் ஆங்கிலமும் ஒரே வளாகத்தில் பயிலப்படும் அச்சூழலில் இருமொழி ஒப்பீடு இயல்பாக எழும் தேவையாகும். இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகள் இவ்விரு ஊர்களின் வரலாற்றிலிருந்தும் அன்றாட வழக்கிலிருந்தும் அமைத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

2. ஆங்கிலத்தின் நெறி

ஆங்கில நிறைவு நிகழ்காலம் பெயரளவில் மட்டுமன்றிப் பொருளளவிலும் நிகழ்காலமே ஆகும். டென்மார்க்கு மொழியியலறிஞர் ஓட்டோ ஜெஸ்பெர்சன் 1924 இல் வெளியிட்ட இலக்கணத் தத்துவம் பற்றிய நூலில் இவ்வடிவத்தை நிகழ்காலத்தின் ஒரு வகையாகவே கொண்டார். கடந்த செயல் ஒன்றை இன்றைய நிலையோடு பிணைப்பது இதன் பணி என்பது அவர் கருத்து.

இப்பிணைப்பைத் தெளிவாக விளக்கியவர் ஹான்ஸ் ரைஹன்பாக் ஆவார். 1947 இல் வெளிவந்த குறியீட்டுத் தருக்கம் பற்றிய நூலில் அவர் மூன்று நேரங்களைப் பிரித்துக் காட்டினார். செயல் நிகழும் நேரம் ஒன்று. பேசும் நேரம் மற்றொன்று. பேசுவோர் எந்த நேரத்தில் நின்று செயலைப் பார்க்கிறார் என்னும் நோக்கு நேரம் மூன்றாவது. எளிய இறந்தகாலத்தில் நோக்கு நேரம் செயல் நேரத்தோடு ஒன்றிக் கடந்த காலத்தில் நிற்கிறது. நிறைவு நிகழ்காலத்தில் செயல் கடந்துவிட்டாலும் நோக்கு நேரம் பேசும் நேரத்தோடு ஒன்றி நிற்கிறது. முன்னது அங்குச் சென்று பார்ப்பது. பின்னது இங்கிருந்து திரும்பிப் பார்ப்பது.

தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. இச்செய்தியை ஆங்கிலத்தில் கூற எளிய இறந்தகாலமே உரியது. நாள் குறிக்கப்பட்டுவிட்டது, அந்த நாளும் முடிந்துவிட்டது. ‘கடலூர்க் கரையைப் பல புயல்கள் கடந்திருக்கின்றன’ என்று கூறும்போது நிலை மாறுகிறது. கடலூர் இன்றும் உள்ளது. இன்னும் புயல்கள் வரலாம். பேசும் கணம்வரை நீளும் காலப்பரப்பு மூடப்படவில்லை. ஆகவே ஆங்கிலம் அங்கு நிறைவு நிகழ்காலத்தை ஆள்கிறது. செயல்கள் இரண்டிடத்தும் முடிந்தவையே. முடியாதிருப்பது காலப்பரப்பு மட்டுமே. ‘முடிந்த செயலுக்கு இறந்தகாலம்’ என்று கற்பிக்கும்போது மாணவர் குழம்புவது இதனால்தான்.

பெர்னார்ட் காம்ரி 1976 இல் வெளியிட்ட வினைநிலை பற்றிய நூலில் நிறைவு வடிவத்தின் பயன்களை நான்காக வகுத்தார். செயலின் விளைவு இன்றும் நிற்பது விளைவு நிறைவு. வாழ்நாளில் ஒருமுறையேனும் நேர்ந்தது பட்டறிவு நிறைவு. அன்று தொடங்கி இன்றும் நீடிப்பது தொடர்நிலை நிறைவு. சற்றுமுன் நிகழ்ந்தது அண்மை நிறைவு. இந்நான்கிற்கும் ஆங்கிலம் ஒரே வடிவத்தை ஆள்கிறது. தமிழ் இந்நான்கையும் வெவ்வேறு வடிவங்களால் உணர்த்துகிறது என்பது பின்னர்க் காட்டப்படும்.

3. தமிழிலக்கண மரபும் காலப் பாகுபாடும்

தொல்காப்பியம் வினையியலில் காலத்தை இறப்பு, நிகழ்வு, எதிர்வு என மூன்றாக வகுத்தது. பவணந்தியாரின் நன்னூலும் அதனையே பின்பற்றி, காலங்காட்டும் இடைநிலைகளைப் பதவியலில் விரித்துரைத்தது. இம்மரபில் ‘வந்திருக்கிறான்’ என்பதற்குத் தனிக்காலம் இல்லை. ‘வந்து’ என்னும் வினையெச்சத்தோடு ‘இரு’ என்னும் துணைவினை கூடி, நிகழ்கால இடைநிலையும் விகுதியும் பெற்ற வடிவமாகவே அதனைக் கொள்ளவேண்டும்.

எனினும், சொல்லின் வடிவம் காட்டும் காலமும் பேசுவோர் கருதும் காலமும் வேறுபடலாம் என்பதை இம்மரபு நன்கறிந்திருந்தது. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் ஒரு காலம் மற்றொரு காலமாக மயங்கி வருவதை நன்னூல் வழுவமைதியாக ஏற்கிறது. விரைவுப் பொருளில் எதிர்காலச் செயல் இறந்தகாலத்தால் சொல்லப்படுவதைத் தொல்காப்பியமும் ஏற்கிறது. இன்னும் புறப்படாத ஒருவர் தொலைபேசியில் ‘இதோ வந்துவிட்டேன்’ என்று கூறுவது இன்றும் வழங்கும் சான்றாகும். காலவடிவம் என்பது கடிகாரத்தைப் படியெடுப்பதன்று. சொல்பவரின் மனநிலையையும் ஏந்தி வருவது என்னும் இவ்வறிவு, இக்கட்டுரையின் ஒப்பீட்டிற்கு அடித்தளமாகிறது.

4. ‘இரு’ துணைவினையின் பொருள்வகைகள்

தற்காலத் தமிழில் வினையெச்சத்தோடு கூடிய ‘இருக்கிறது’ என்னும் வடிவம் குறைந்தது மூன்று பொருள்களைத் தருகிறது.

முதலாவது, நிலைப்பொருள். ‘கதவு திறந்திருக்கிறது’, ‘அவன் வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறான்’, ‘பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள்’ ஆகிய தொடர்களில் செயலைவிடச் செயலால் அமைந்த நிலையே கருதப்படுகிறது. ஆங்கிலத்தில் இவற்றிற்கு நிறைவு நிகழ்காலம் பொருந்தாது. கதவு திறந்த நிலையில் உள்ளது, அவன் சட்டை அணிந்த நிலையில் உள்ளான், பாட்டி அமர்ந்த நிலையில் உள்ளாள் என்னும் கருத்தில் நிகழ்கால வடிவங்களே அங்கு வரும்.

இரண்டாவது, பட்டறிவுப் பொருள். ‘நான் பிச்சாவரம் இரண்டு முறை போயிருக்கிறேன்’ என்பது இதற்குச் சான்று. இங்குத் தமிழும் ஆங்கிலமும் பெரிதும் ஒத்துச் செல்கின்றன.

மூன்றாவது, அறிவாயிற் பொருள். சொல்பவர் ஒரு நிகழ்ச்சியைத் தாம் நேரில் காணாமல், தடயத்தாலோ பிறர் வாயாலோ ஆவணத்தாலோ அறிந்தார் என்பதை இவ்வடிவம் உணர்த்துகிறது. காலையில் எழுந்து நனைந்த முற்றத்தைக் காண்பவர் ‘இரவு மழை பெய்திருக்கிறது’ என்பார். இரவெல்லாம் விழித்திருந்து மழையைக் கண்டவர் ‘இரவு மழை பெய்தது’ என்பார். இருவரும் ஒரே மழையைப் பற்றியே பேசுகின்றனர். மழை பெய்த நேரமும் ஒன்றே. வேறுபடுவது அவர்கள் அதனை அறிந்த வழி. ஆங்கில நிறைவு நிகழ்காலம் இவ்வேறுபாட்டைச் சுட்டுவதற்கு அமைந்ததன்று.

மூன்றாம் பொருளே இடர்ப்பாட்டின் மையமாகும். வகுப்பறையில் ‘கம்’ என்னும் வினையின் நிறைவு வடிவத்திற்கு ‘வந்திருக்கிறான்’ என நேர்ப்பொருள் கற்பிக்கப்படுகிறது. பட்டறிவுப் பொருளில் அது பொருந்துவதால் மாணவர் அதனை எல்லாவிடத்தும் பொருந்துவதாக நம்புகிறார். நிலைப்பொருளிலும் அறிவாயிற் பொருளிலும் அந்நம்பிக்கை அவரைக் கைவிடுகிறது.

5. காலக்குறிப்போடு இயையும் திறம்

‘நேற்று’, ‘சென்ற ஆண்டு’, ‘1995 இல்’ போன்ற முடிந்த காலக் குறிப்புகளோடு ஆங்கில நிறைவு நிகழ்காலம் இயைவதில்லை. வொல்ஃப்காங் கிளைன் 1992 இல் எழுதிய கட்டுரையில் இதனை நிறைவு நிகழ்காலப் புதிர் என்றே பெயரிட்டு ஆராய்ந்தார். செயல் கடந்த காலத்தில்தான் நிகழ்ந்தது. அப்படியிருக்க, அக்கடந்த நேரத்தைப் பெயர்சொல்லிக் குறிப்பதற்கு மட்டும் ஏன் தடை என்பதே புதிர்.

இத்தடை உலகமொழிகள் அனைத்திற்கும் பொதுவானதன்று. கடலூருக்கு வடக்கே புதுச்சேரியில் இன்றும் கற்பிக்கப்படும் பிரெஞ்சு மொழியில், ஆங்கில நிறைவு வடிவத்தைப் போலவே துணைவினையும் எச்சமும் கூடி அமையும் இறந்தகால வடிவம் ஒன்று உண்டு. அது ‘நேற்று’ என்னும் சொல்லோடு தடையின்றி வரும். செருமானிய மொழியிலும் நிலைமை இதுவே. தமிழும் இவ்வகையிலேயே சேர்கிறது. எனவே தமிழ் மாணவர் செய்யும் பிழை தருக்கப் பிழையன்று; தம் மொழியின் செம்மையான நெறியை அந்நெறி செல்லாத இடத்திற்குக் கொண்டுசெல்வதே ஆகும்.

வரலாற்றுக் கட்டுரைகளில் இப்பிழை மிகுதியாக நேர இடமுண்டு. முதலாம் பராந்தக சோழன் தில்லைக் கோயிலுக்குப் பொன் வேய்ந்த செய்தியைத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. இதனைத் தமிழில் எழுதும் ஆய்வாளர் ‘பராந்தகன் தில்லைக் கோயிலுக்குப் பொன் வேய்ந்திருக்கிறான்’ என்று எழுதுவது இயல்பு. சான்று வழியே அறிந்தது இது, நேரில் கண்டதன்று என்னும் ஆய்வு நேர்மை அவ்வடிவத்தில் அடங்கியுள்ளது. அதே ஆய்வாளர் ஆங்கிலத்தில் எழுதும்போது நிறைவு நிகழ்காலத்தை ஆண்டால், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மன்னன் நேற்றுவரை பொன் வேய்ந்துகொண்டிருந்தான் என்பது போன்ற ஒவ்வாமை தோன்றுகிறது. ஆங்கிலத்தில் பொன் வேய்ந்த வினையை எளிய இறந்தகாலத்தில் வைத்து, ‘செப்பேடு கூறுகிறது’ என்பதைத் தனித்தொடராக முன்வைப்பதே தீர்வாகும். தமிழ் ஒரு துணைவினையால் கூறியதை ஆங்கிலம் ஒரு முதன்மைத் தொடரால் கூறவேண்டியுள்ளது.

இதனோடு ஒட்டிய மற்றொரு வேறுபாடும் உண்டு. உ.வே. சாமிநாதையர் 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக இருந்தார். ‘உ.வே.சா. சிதம்பரத்தில் பணியாற்றியிருக்கிறார்’ என்னும் தமிழ்த்தொடர் முற்றிலும் இயல்பானது. அதன் நேர் ஆங்கில வடிவமான ‘ஹேஸ் ஒர்க்ட்’ என்பது பொருந்தாது. ஏனெனில் அவர் 1942 இல் மறைந்தார். ஒருவரைப் பற்றிய பட்டறிவுச் செய்திக்கு ஆங்கிலம் அவர் உயிரோடிருத்தலை வேண்டுகிறது. ஆனால், ‘சிதம்பரத்தில் தமிழறிஞர் பலர் பணியாற்றியிருக்கின்றனர்’ என்பதை நிறைவு நிகழ்காலத்தில் கூறத் தடையில்லை. அறிஞர் வரிசை இன்னும் முற்றுப்பெறவில்லை. காலப்பரப்பு திறந்தே உள்ளது. மறைந்தோர் பற்றிய வாழ்க்கைக் குறிப்புகளை ஆங்கிலத்தில் எழுதுவோர் இந்நுட்பத்தை நினைவிற் கொள்ளுதல் நன்று.

6. எதிர்த்திசைப் பிழைகள்

தமிழர் நிறைவு நிகழ்காலத்தை மிகையாக ஆள்வது ஒருபுறமிருக்க, வேண்டிய இடத்தில் ஆளாது விடுவதும் உண்டு. இதற்கும் காரணம் தமிழமைப்பே.

அண்மை நிறைவைத் தமிழ் எளிய இறந்தகாலத்தால் கூறுகிறது. ‘இப்போதுதான் வந்தார்’, ‘சாப்பிட்டாயா?’ என்பன போன்ற தொடர்களில் ‘இரு’ வருவதில்லை. பிரித்தானிய ஆங்கிலம் இங்கு நிறைவு நிகழ்காலத்தை விரும்புகிறது. அமெரிக்க ஆங்கிலம் ‘ஜஸ்ட்’, ‘ஆல்ரெடி’, ‘யெட்’ ஆகிய சொற்களோடும் எளிய இறந்தகாலத்தை ஏற்பதால் தமிழுக்குச் சற்று நெருங்கி வருகிறது. திரைப்படத்தில் கேட்டதைப் பாடநூல் பிழையென்று கூறும்போது மாணவருக்கு ஏற்படும் மயக்கம் இதனால் விளைவதே. இவ்விரு வழக்குகளையும் ஆசிரியர் பெயர்சொல்லிப் பிரித்துக் காட்டுதல் வேண்டும்.

விளைவு நிறைவைத் தமிழ் ‘விடு’ துணைவினையால் உணர்த்துகிறது. ‘பேருந்து போய்விட்டது’ என்பது இதற்குச் சான்று. இத்துணைவினையும் காலக்குறிப்பை மறுப்பதில்லை. ‘நேற்றே போய்விட்டார்’ என்பது நல்ல தமிழ். இதுவும் நிறைவு நிகழ்காலத்தோடு ‘யெஸ்டர்டே’ சேர்வதற்கு மற்றொரு வாயிலாகிறது.

தொடர்நிலை நிறைவைத் தமிழ் நிகழ்காலத்தால் கூறுகிறது. ‘பத்து ஆண்டுகளாகக் கடலூரில் இருக்கிறேன்’ என்பவர் இன்றும் அங்கு இருப்பதால் தமிழுக்கு நிகழ்காலம் போதுமானது. ஆங்கிலமோ அன்று தொடங்கியதையும் சேர்த்துக் கூற நிறைவு நிகழ்காலத்தை வேண்டுகிறது. இந்திய ஆங்கிலத்தில் பரவலாகக் கேட்கப்படும் ‘ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்’ என்னும் அமைப்பு இத்தகைய நிகழ்காலத்தின் நிழலேயாகும்.

எதிர்மறையில் இவ்வேறுபாடுகள் அனைத்தும் மறைகின்றன. ‘வரவில்லை’ என்னும் ஒரே வடிவம், நேற்றைய கூட்டத்திற்கு வராமையையும், இந்நேரம்வரை வந்துசேராமையையும், இப்போது உடன்வர மறுத்தலையும் குறிக்கவல்லது. நேற்று, இன்னும், இப்போது என்னும் சொற்களும் சூழலுமே பொருளைப் பிரிக்கின்றன. ஆங்கிலத்தில் இம்மூன்றிற்கும் மூன்று வடிவங்கள் வேண்டும். உடன்பாட்டில் சரியாக எழுதும் மாணவர் எதிர்மறையில் தடுமாறுவது இதனால்தான்.

7. மொழிபெயர்ப்பில் நேரும் பொருள்மாற்றம்

இவ்வேறுபாடு தேர்வு மதிப்பெண்ணோடு முடிந்துவிடுவதன்று. கடலூர், சிதம்பரம் போன்ற ஊர்களின் நீதிமன்றங்களில் சாட்சிகள் தமிழில் பேசுகின்றனர். வழக்கு மேல்முறையீடாக உயர்நீதிமன்றம் செல்லும்போது, அரசமைப்புச் சட்டத்தின் 348 ஆம் பிரிவின்படி அங்கு நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் அமைவதால், தமிழ்ச் சாட்சியம் ஆங்கில உருப்பெற வேண்டியுள்ளது. 1872 ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் அதன் 60 ஆம் பிரிவில், வாய்மொழிச் சாட்சியம் நேரடியானதாக இருக்கவேண்டும் என்றது; கண்டதைக் கண்டவரே கூறவேண்டும், கேட்டதைக் கேட்டவரே கூறவேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமும் இக்கோட்பாட்டைத் தொடர்கிறது. அறிந்த வழியே சாட்சியத்தின் மதிப்பை முடிவுசெய்கிறது எனலாம்.

ஒரு சாட்சி, ‘அவர் இரவு 12 மணிக்குப் பின்வாசல் வழியாக வந்திருக்கிறார்’ என்று கூறுவதாகக் கொள்வோம். தமிழ் கேட்போர் இதனை ஊகமாகவோ பிறர் சொல்லக் கேட்டதாகவோ உணர்வர். சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர் நிறைவு நிகழ்காலத்தில் எழுதுவார். ‘12 மணிக்கு’ என்னும் குறிப்பு உள்ளமையால் அது இலக்கணப் பிழை. ஆங்கிலம் நன்கறிந்த மற்றொருவர் அதனை எளிய இறந்தகாலமாகத் திருத்துவார். இப்போது தொடர் பிழையற்றது. ஆனால் சாட்சி நேரில் கண்டு கூறியது போன்ற தோற்றம் பெற்றுவிட்டது. மொழிப்பிழையை நீக்கிய திருத்தமே பொருட்பிழையை உண்டாக்கியது. முதற் பெயர்ப்பின் பிழை படிப்போர் கண்ணுக்குத் தெரியும். இரண்டாவதன் பிழை தமிழ் மூலத்தோடு ஒப்பிடாதவர்க்குத் தெரியாது.

இதற்குரிய ஆங்கில வடிவம் ஊகத்தை வெளிப்படையாகக் காட்டுவதாக அமையவேண்டும். ‘மஸ்ட் ஹேவ் கம்’ என்பதும், ‘அப்பேரன்ட்லி கேம்’ என்பதும் அத்தகையன. ‘மஸ்ட்’ என்பதன் பின் வரும் ‘ஹேவ்’ முடிந்த காலக்குறிப்பை மறுப்பதில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. சாட்சி ஊகித்தாரா, பிறர் சொல்லக் கேட்டாரா என்பது தமிழ்த்தொடரிலிருந்து மட்டும் துணியப்படாதபோது, அதனைச் சாட்சியிடமே கேட்டுப் பதிவுசெய்வதே பாதுகாப்பான வழி.

தன்மையிடத்தில் சிக்கல் வேறுவகைப்படும். ‘அவரை அந்தக் கடையில் பார்த்திருக்கிறேன்’ என்பது எப்போதோ ஒருமுறையோ பலமுறையோ கண்ட பட்டறிவு. ‘அவரை அந்தக் கடையில் பார்த்தேன்’ என்பது பேச்சில் குறித்த அந்நாளில் கண்டது. முன்னதை எளிய இறந்தகாலத்தில் பெயர்த்தால், பொதுவான அறிமுகம் குறித்த நாளின் சாட்சியமாகிவிடும். ஒருவரின் விடுதலையோ தண்டனையோ இத்தகைய தொடரைச் சார்ந்திருக்குமாயின், துணைவினை ஒன்றின் மதிப்பு மிகப் பெரிதாகிறது.

8. கற்பித்தலுக்கான வழி

ஆங்கில நெறியைக் கற்பிக்கத் தமிழே துணைசெய்யக்கூடும். ‘இரு’ துணைவினையைக் காட்டிலும் ஆங்கிலப் பட்டறிவு நிறைவுக்கு நெருங்கிய வடிவம் தமிழில் உண்டு. அது ‘போனதுண்டு, போனதில்லை’ என்பதாகும். ‘நீங்கள் சிதம்பரம் போனதுண்டா?’ என்னும் வினா, வாழ்நாள் முழுவதையும் ஒரே பரப்பாகக் கொண்டு கேட்கப்படுகிறது. ‘நேற்றுச் சிதம்பரம் போனதுண்டா?’ என்று எவரும் வினவுவதில்லை. ஆங்கில நிறைவு வடிவம் ‘நேற்று’ என்பதை ஏற்காமைக்கும் தமிழ் ‘உண்டு’ வடிவம் அதனை ஏற்காமைக்கும் அடிப்படை ஒன்றே. ‘வரவில்லை’ எனத் திரண்டு நிற்கும் எதிர்மறையையும் இவ்வடிவம் பிரித்துக் காட்டுகிறது. ‘வந்ததில்லை’ என்பது ஒருமுறையும் வாராமையை மட்டுமே குறிக்கும்.

இதனைப் பயன்படுத்தி மூன்று வினாக்களை மாணவர்முன் வைக்கலாம்.

முதல் வினா: தொடரில் ‘எப்போது’ என்பதற்கு முடிந்துபோன ஒரு நேரம் விடையாக வருகிறதா? வருமாயின் எளிய இறந்தகாலம். நேரம் சொல்லப்படாவிடினும் பேசுவோர் இருவர் மனத்திலும் குறித்த நேரம் ஒன்று இருக்குமாயின் அதுவே விதி.

இரண்டாம் வினா: தொடரை ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ வடிவில் மாற்றிக் கூற இயலுமா? இயலுமாயின், எழுவாயாக வருபவர் இன்று வாழ்பவராக இருப்பின், நிறைவு நிகழ்காலம்.

மூன்றாம் வினா: ‘வந்திருக்கிறார்’ என்பதன் முன் ‘தெரிகிறது’, ‘சொல்கிறார்கள்’ என்னும் பொருள் மறைந்து நிற்கிறதா? நிற்குமாயின் அதனை ஆங்கிலத்தில் வெளிப்படச் சொல்லி, வினையை இறந்தகாலத்தில் வைத்தல் வேண்டும்.

தொடர்நிலையும் அண்மையும் இவ்வினாக்களுள் அடங்கா. ‘ஆண்டுகளாக’, ‘முதல்’ என நீளும் காலமும், ‘இப்போதுதான்’ என்னும் அண்மையும் பிரித்தானிய வழக்கில் நிறைவு நிகழ்காலம் பெறும் எனத் தனியே பயிற்றுவித்தல் போதும். ஆங்கில விதியை மட்டும் ஒப்புவிக்கும் பயிற்சி, மாணவர் மனத்தில் முன்னரே இயங்கும் தமிழ்நெறியைத் தொடாமலே சென்றுவிடுகிறது. தமிழ்நெறியை முதலில் அவருக்கே உணர்த்திப் பின்னர் ஆங்கில நெறியை அதன் அருகில் வைத்தல் பயன்மிக்கது.

9. முடிவுரை

ஆங்கில எளிய இறந்தகாலத்திற்கும் நிறைவு நிகழ்காலத்திற்கும் இடையிலான தெரிவு, காலப்பரப்பு மூடியதா, திறந்ததா என்னும் வினாவைச் சார்ந்தது. தமிழின் ‘வந்தான்’, ‘வந்திருக்கிறான்’ என்னும் தெரிவு, பல இடங்களில் சொல்பவர் கண்டாரா, சான்றால் அறிந்தாரா என்னும் வினாவைச் சார்ந்தது. வடிவொற்றுமை கருதி இரண்டையும் நேர்ப்பொருளாகக் கற்பிப்பதே நீடித்த பிழைக்கு மூலமாகிறது. பட்டறிவுப் பொருளில் மட்டுமே இரண்டும் ஒத்துச் செல்கின்றன. அவ்விடத்தும் காலக்குறிப்பு, மறைந்தோர் பற்றிய செய்தி ஆகியவற்றில் வேறுபடுகின்றன.

ஆங்கிலத்தில் பிழையெனக் கருதப்படும் ‘நேற்று வந்திருக்கிறார்’ என்னும் அமைப்பு, தான் காணாததைக் கண்டதாகக் கூறாத ஒரு மொழியொழுக்கத்தின் வெளிப்பாடாகும். மாணவரின் தொடரைத் திருத்தும் ஆசிரியரும், சாட்சியின் சொல்லைப் பெயர்ப்பவரும், கல்வெட்டுச் செய்தியை ஆங்கிலத்தில் தருபவரும் அவ்வொழுக்கம் திருத்தத்தில் அழிந்துவிடாமல் காத்தல் வேண்டும். துணைவினை உணர்த்திய பொருளை ஆங்கிலத்தில் வேறொரு சொல்லால் நிறுத்திய பின்னரே ‘ஹேஸ்’ என்பதை நீக்குதல் முறையாகும்.